திருத்தச் சீட்டும் கையொப்பமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் காத்திருக்கும் இம்மாலைப் பொழுதில், மென்பொருள் ஒன்றைப் பலர் கூடி ஆக்குவதற்குப் பணிக்களம் அமைப்பது எங்ஙனம், அதில் பங்கு கொள்வோர் கைக்கொள்ள வேண்டிய முறைகள் யாவை என்பது பற்றிப் பேச வந்திருக்கின்றோம். அஞ்ச வேண்டா, நீண்ட நேரம் பேசோம். நாம் கணிப்பொறி வல்லுநர் அல்லோம். மெட்ரிக்குலேஷனோடு பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதி வருவோர். ஆயினும் நம் சங்க நூலகத்தில் நேர்ந்த ஓர் இழப்பு, இப்பொருளைக் கற்குமாறு நம்மைக் கட்டாயப்படுத்திற்று. அதனைச் சொல்லியே தொடங்குகின்றோம்.

ஔவையார் காணாமற் போன கதை

நம் நூலகம் மூன்று மர பீரோக்களில் அடங்குவது. சில ஆண்டுகளுக்கு முன் காலனி இளைஞர் ஒருவர் நூற்பட்டியலையும் இரவல் கணக்கையும் கணிப்பொறியில் ஏற்றிப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஒரு சிறு நிரலும் எழுதித் தந்தார். நூலின் பெயரைத் தட்டினால், அஃது எந்தப் பீரோவில் எந்தத் தட்டில் உள்ளது, எவர் வாங்கிச் சென்றுள்ளார் என்று காட்டும். அனைவரும் மகிழ்ந்தோம், அவருக்குப் பொன்னாடையும் போர்த்தினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து, பேச்சுப் போட்டிக்கு ஔவையார் பாடல் நூல் வேண்டும் என்றாள். தட்டிப் பார்த்தோம். இல்லை என்றது பொறி. குழந்தை வாடிய முகத்தோடு திரும்பினாள். இரண்டு வாரம் கழித்துப் பீரோவைத் துடைக்கையில் அந்நூல் இரண்டாம் தட்டிலேயே இருக்கக் கண்டோம். அதற்குள் போட்டி முடிந்துவிட்டது.

காரணம் யாது? ‘ஔ’ என்பது ஓர் உயிரெழுத்து. ஒருங்குறியில் அதற்குத் தனி இடம் உண்டு. பட்டியலைத் தட்டியவரோ ‘ஒ’ என்னும் எழுத்தையும் அதன் பக்கத்தில் ‘ள’ என்னும் எழுத்தையும் இட்டுவிட்டார். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பொறிக்கோ அவை வேறு வேறு. நாம் ‘ஔ’ என்று தேட, அது ‘ஒ’, ‘ள’ என்று வைத்திருந்தது. எங்ஙனம் கிடைக்கும்?

இதனைக் கேட்ட தம்பி ஒருவர், தம் மடிக்கணினியில் நிரலைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தார். ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்து வரும் இடமெல்லாம் ‘ஔ’ ஆக்குக என்பதே அவ்வரி. ஔவையார் உடனே கிடைத்தார். ஆனால், ‘ஒளி’ என்னும் சொல்லிலும் ஒகரத்தை அடுத்து ளகரம் வருகின்றதன்றோ? அச்சொல் அமைந்த நூற்பெயர்கள் அனைத்தும் சிதைந்துபோயின. சில நாள் கழித்து இதனைக் கண்ட வேறொருவர், இது கிருமியின் வேலை என்று கருதி, தம்மிடம் இருந்த பழைய படியைக் கொண்டுவந்து மேலே பதித்துவிட்டார். ஒளி மீண்டது, ஔவை மறைந்தாள், அத்துடன் மூன்று மாத இரவல் கணக்கும் மறைந்தது.

முதலில் நிரல் எழுதிய இளைஞரைக் கேட்கலாம் என்றால், அவர் தந்தையார்க்கு மாற்றல் வந்து குடும்பம் சென்றுவிட்டது. தொலைபேசியில் அழைத்தோம். “எந்த வரியை எதற்காக எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை, மாமா” என்றார் அப்பிள்ளை, மிகுந்த வருத்தத்தோடு.

மூவரும் நல்லெண்ணத்தோடே உழைத்தனர். திறமையிலும் குறைந்தவர் அல்லர். ஆயினும் இரவல் போன நூல்கள் பல திரும்பவில்லை. சங்கத்தைத் தோற்றுவித்த பெரியவர் ஒருவர் கையொப்பமிட்டு வழங்கிய நூலும் அவற்றுள் ஒன்று. குற்றம் ஆட்களுடையதன்று, முறை இல்லாமையே குற்றம்.

பெரிய வீடு ஒன்றின் வழக்கம்

இம்முறையைத் தேடப் புகுந்தபோது, உலகிலேயே மிகப் பெரிய கூட்டு முயற்சிகளுள் ஒன்றாகிய லினக்ஸ் நம் கண்ணிற் பட்டது. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் ஓர் இயக்கமுறைமை எழுதி வருவதாக அறிவித்தார். பொழுதுபோக்காகத் தொடங்கிய அவ்வேலை, இன்று நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே அடித்தளமாக இயங்குகின்றது. ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாத பல்லாயிரவர் பல நாடுகளிலிருந்து அதற்கு உழைத்துள்ளனர்.

அவர்களுக்கும் ஒரு நெருக்கடி வந்தது. மாற்றங்களைப் பதிந்துவைக்க 2002ஆம் ஆண்டு முதல் பிட்கீப்பர் என்னும் கருவியைக் கையாண்டு வந்தனர். 2005இல் அதனை இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை முடிவுக்கு வந்தது. டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் புதிய கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே அக்கருவி தன் வரலாற்றைத் தானே பதியும் நிலையை எய்திற்று. அதன் பெயர் கிட். ஜூலைத் திங்களில் அதன் பராமரிப்பு ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எழுதியவர் விலகி நின்றார்; கருவி நின்று வளர்ந்தது. மாற்றலிலேயே வாழ்நாளைக் கழிக்கும் நம்மனோர்க்கு இஃது எவ்வளவு பெரிய பாடம்!

கிட் செய்வது யாது? ரயில்வேக் குடும்பத்தார்க்கு இதனை விளக்குவது எளிது. விதிநூலில் ஒரு விதி மாறினால், நூல் முழுவதையும் உடனே புதிதாக அச்சிடுவதில்லை. எண்ணும் நாளும் இட்ட திருத்தச் சீட்டு ஒன்று வரும். ‘இன்ன விதியில் இன்ன சொற்களுக்கு மாறாக இன்ன சொற்களைக் கொள்க’ என்று அதிற் கண்டிருக்கும். அதனை உரிய பக்கத்தில் ஒட்டிவைக்கின்றோம். நிரலாளர் ‘பேட்ச்’ என்பதும் இத்தகைய ஒட்டுச் சீட்டே. நீக்கும் வரியின் முன் கழித்தற் குறி. சேர்க்கும் வரியின் முன் கூட்டற் குறி. யார், எந்நாள், எதனை, எதற்காக மாற்றினார் என்னும் நான்கும் ஒவ்வொரு பதிவிலும் அடங்கும். ஒவ்வொரு பதிவுக்கும் வழக்கமாக 40 குறிகள் கொண்ட முத்திரை ஒன்று கணக்கிடப்படும். முந்திய பதிவின் முத்திரையும் அக்கணக்கிற் சேரும். ஆகவே பழைய பதிவு ஒன்றை எவரேனும் கமுக்கமாகத் திருத்தினால், அதன் பின்வரும் முத்திரைகள் அனைத்தும் மாறிக் காட்டிக்கொடுக்கும். தைத்த பேரேட்டில் ஒரு தாளைக் கிழித்தால் தையல் காட்டிக்கொடுப்பது போல.

பணிக்களம் அமைத்தல்

நிற்க. கருவி மட்டும் இருந்தாற் போதுமா? வேலை செய்ய இடம் வேண்டும். ஒருவர் கணினியில் ஓடும் நிரல் மற்றொருவர் கணினியில் ஓடாமைக்குப் பெரும்பாலும் காரணம், இருவரிடமும் உள்ள துணைக்கருவிகளின் பதிப்புகள் வேறுபடுவதே. லினக்ஸ் திட்டத்தில், எந்தெந்தக் கருவி எந்தப் பதிப்புக்குக் குறையாமல் வேண்டும் என்னும் பட்டியல் திட்டத்தின் ஆவணங்களுக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளது. புதியவர் எவரையும் கெஞ்ச வேண்டுவதில்லை.

நாமும் அவ்வாறே செய்தோம். மூலக் களஞ்சியம் ஒன்றை அமைத்து, அதன் வாயிலில் ‘முதலிற் படிக்க’ என்னும் ஓர் ஏட்டை வைத்தோம். அதில் ஆறு படிகள் உள்ளன. முதற்படி, கிட்டையும் பைத்தானையும் நிறுவுதல். இரண்டாவது, களஞ்சியத்தைப் படியெடுத்தல். மூன்றாவது, இத்திட்டத்திற்கென்று பைத்தானில் ஒரு தனி அறை அமைத்தல். அவ்வறையில் நிறுவுவன கணினியின் பிற வேலைகளைத் தொடா. பிறவற்றின் பதிப்பு மாறினாலும் இவ்வறை மாறாது. நான்காவது, தேவைப் பட்டியலில் கண்ட துணைநிரல்களைக் குறித்த பதிப்பு எண்ணோடு நிறுவுதல். ஐந்தாவது, மாதிரி நூற்பட்டியலை ஏற்றுதல். ஆறாவது, சோதனைகள் அனைத்தையும் ஓட்டி, எல்லாம் தேறினவா என்று பார்த்தல். தேறிய பின்னரே ஒருவர் முதல் எழுத்தை மாற்றத் தொடங்கலாம்.

ஏடு சரியாக உள்ளதா என்பதை எங்ஙனம் அறிவது? எழுதியவருக்கு எல்லாம் தெளிவாகவே தோன்றும். ஆகவே காலனிக்குப் புதிதாக வந்த மருமகள் ஒருவரை அழைத்து, ஏட்டை அவர் கையிற் கொடுத்து, நாம் வாய் பொத்தி அமர்ந்தோம். அவர் ஐந்து இடங்களில் தயங்கி நின்றார். பிற்பகல் முழுவதும் கழிந்தது. அவர் நின்ற இடந்தோறும் ஏட்டில் ஒரு வரி சேர்த்தோம். அடுத்து வந்த கல்லூரி மாணவர் எவரையும் கேளாமல் ஒரு மணிக்குள் ஆறு படியும் முடித்தார். அன்றுதான் நம் பணிக்களம் அமைந்தது என்று நம்பினோம்.

மாதிரிப் பட்டியல் எதற்கு, உண்மைக் கணக்கையே வைத்தால் என்ன என்று ஓர் அன்பர் வினவினார். இரவல் கணக்கில் உங்கள் வீட்டு எண்ணும் தொலைபேசி எண்ணும் உள்ளன. பலரும் படியெடுக்கும் களஞ்சியத்தில் அவற்றை வைத்தல் தகாது. ஒருமுறை பதிந்த பின் அழித்தாலும், பழைய பதிவில் அவை நின்றுகொண்டே இருக்கும். ஆகவே உண்மைக் கணக்கு வேறிடத்தில் உள்ளது. அதற்கு வாரந்தோறும் தனிப் படி எடுக்கப்படுகின்றது.

பங்களிப்போர் முறைகள்

இனி, முறைகளுக்கு வருவோம். லினக்ஸ் திட்டத்தின் விதிகள் பல. அவற்றுள் நம் சிறு வீட்டுக்கு ஏற்ற நான்கினை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

முதலாவது, ஒரு சீட்டில் ஒரு பொருளே. தேடலைத் திருத்தும்போதே திரையின் நிறத்தையும் மாற்றலாகாது. ஒவ்வொரு சீட்டையும் ஒட்டிய பின் நிரல் முழுமையாக ஓடவும் வேண்டும். இதன் பயன் பெரிது. ஆயிரம் மாற்றங்களுக்கு இடையில் எங்கோ ஒரு பிழை புகுந்துவிட்டது என்று கொள்வோம். நடுவில் உள்ள மாற்றத்தை எடுத்துச் சோதித்தால், பிழை முற்பாதியிலா பிற்பாதியிலா என்பது தெரியும். மீண்டும் அப்பாதியைப் பாதியாக்கலாம். இவ்வாறு ஏறக்குறைய 10 சோதனைகளில் குற்றமுள்ள ஒரு சீட்டைக் கையிற் பிடித்துவிடலாம். கிட் கருவியே இவ்வேலைக்குத் துணை நிற்கும். சீட்டுகள் கலந்து கிடந்தாலோ, பிடித்த சீட்டினுள்ளே பத்துப் பொருள்கள் இருக்கும். பிழை எதனாலென்று விளங்காது.

இரண்டாவது, ‘எதற்காக’ என்பதை எழுதுக. என்ன மாற்றினோம் என்பதை நிரலே காட்டும். ஏன் மாற்றினோம் என்பதை எழுதியவரன்றி யார் கூற வல்லார்? முதலில் குறையைச் சொல்லுக; பின்னர்த் தீர்வைச் சொல்லுக. ‘திருத்தினேன்’ என்னாது ‘திருத்துக’ என்று ஏவல் வாய்பாட்டில் எழுதுவதே லினக்ஸ் வழக்கம். நம் புதிய களஞ்சியத்தில் முதலில் ஏற்கப்பட்ட சீட்டின் குறிப்பை அப்படியே படிக்கின்றோம்:

‘தேடல்: ஒகர ளகரமாய்த் தட்டிய ஔகாரத்தைத் திருத்துக. பட்டியலில் சில பெயர்களில் ஔ என்னும் எழுத்துக்கு மாறாக ஒ, ள என ஈரெழுத்துகள் உள்ளன. ஆகையால் ஔவையார் என்று தேடுவோர்க்கு நூல் கிடைப்பதில்லை. எங்கும் மாற்றினால் ஒளி என்னும் சொல் சிதையும். ஆகவே ஔவை, ஔடதம், ஔரங்கசீப் என்னும் மூன்று சொற்களின் தொடக்கத்தில் மட்டும் மாற்றுக. ஒளி மாறாது நிற்பதைக் காட்டும் சோதனையும் இதனுடன் சேர்க்கப்பட்டுள்ளது.’

இவ்வளவுதான். இக்குறிப்பு மட்டும் அன்று இருந்திருந்தால், மூன்று மாதக் கணக்கு அழிந்திராது. இன்னும் பத்தாண்டு கழித்து, நம்மை அறியாத ஒருவர் ‘மூன்று சொற்கள் எதற்கு, எங்கும் மாற்றலாமே’ என்று கை வைக்கப் போனாலும், இக்குறிப்பு அவர் கையைப் பிடித்து நிறுத்தும். அதனை அவர் படிக்கத் தவறினாலும், சோதனை தோற்று நின்று எச்சரிக்கும். வருமுன் காக்கவும் ஓராண்டு விதி செய்தோம். பட்டியலைத் தட்டுவோர் தமிழ்99 விசைப்பலகையையே கையாள வேண்டும். அதில் ‘ஔ’வுக்குத் தனி விசை உண்டு.

மூன்றாவது, தம் சீட்டைத் தாமே தலைமை வழியில் ஏற்றலாகாது. ஒவ்வொருவரும் தத்தம் கிளைவழியில் வேண்டியவாறு வேலை செய்யலாம். பிறர் ஒருவர் படித்துச் சரியென்ற பின்னரே அது தலைமை வழிக்கு வரும். நிலையத்தில் எத்தனை கிளைப்பாதைகள் இருந்தாலும், அனுமதியின்றி வண்டி முதன்மைப் பாதைக்கு வருவதில்லையன்றோ? லினக்ஸில் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் யார் என்னும் பட்டியல் உண்டு. எளிய பிழைகளைப் பொறுப்பாளரின் கண்ணுக்கு முன்னரே பிடிக்கும் சிறு நிரலும் உண்டு.

நான்காவது, கையொப்பம். 2003இல் லினக்ஸில் பிறர் உரிமையுள்ள நிரல் கலந்துள்ளது என்னும் வழக்கு எழுந்தது. அதன் பின் 2004இல், ஒவ்வொரு சீட்டின் கீழும் அளிப்பவர் பெயரிட வேண்டும் என்னும் வழக்கம் வந்தது. ‘இதனை நான் எழுதினேன், அல்லது இத்திட்டத்தின் உரிமத்தின்கீழ் இதனை அளிக்க எனக்கு உரிமை உண்டு’ என்பதே அக்கையொப்பத்தின் பொருள். விதிகளைப் படித்துணர்ந்தோம் என்று ரயில்வேயில் நாம் இடும் கையொப்பத்தைப் போன்றதே இதுவும். இன்று செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் பக்கம் பக்கமாக நிரல் எழுதித் தருகின்றது. தரட்டும். ஆனால் நம் களஞ்சியத்தில் கையொப்பமிட்டவரே அதற்குப் பொறுப்பாளி. பொறி எழுதிற்று என்னும் சாக்கு ஏற்கப்படாது.

காவலும் கனிவும்

இத்தனை காவல் வேண்டுமா என்று கேட்பீர்கள். 2024ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள் வெளியான ஒரு செய்தியைக் கூறுகின்றோம். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் என்னும் சிறு மென்பொருள் பல கணினிகளில் உள்ளது. அதற்கு உதவுவதாகக் கூறி வந்த ஒருவர், ஈராண்டுக்கும் மேலாக நற்பங்களிப்பு அளித்து நம்பிக்கை பெற்றார். பின்னர் 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்றை மறைத்துவைத்தார். அதனைத் திறக்கும் பகுதி களஞ்சியத்தில் இல்லை. வெளியிட்ட பொதியில் மட்டும் இருந்தது. ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர், கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதேன் என்று ஐயுற்றுத் தோண்டியதால் அது வெளிப்பட்டது. பொறுப்பு முழுவதையும் சோர்ந்துபோன ஒருவர் தோளில் விட்டுவைத்ததே கள்வனுக்கு வழி திறந்தது. ஆகவே நாம் இரு பொறுப்பாளரை அமர்த்தினோம். பதிவேட்டில் உள்ளதே பொதியிலும் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தோம்.

காவல் வேண்டும், கடுஞ்சொல் வேண்டா. லினக்ஸ் குழுவிலும் கடுமையான ஏச்சுகள் வழங்கியதுண்டு. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் டோர்வால்ட்ஸே தம் பேச்சுக்கு வெளிப்படையாக வருந்திச் சிறிது காலம் ஒதுங்கி நின்றார். அவ்வேளையில் நன்னடத்தை விதிகளும் ஏற்கப்பட்டன. சீட்டைத் திருத்துக, எழுதியவரை இகழாதீர். ‘இது தவறு’ என்பதைக் காட்டிலும் ‘ஒளி என்னும் சொல்லுக்கு இஃது என் செய்யும்?’ என்று கேட்பது மேலானது. முதற்சீட்டிலேயே மனம் நொந்து போன பிள்ளை இரண்டாஞ்சீட்டோடு திரும்பி வாரான்.

நிறைவுரை

தாய்மார்களே! இது நிரல் கற்றோர்க்கு மட்டும் உரிய பணி என்று எண்ணற்க. நூற்பெயர்களில் ஒற்றுப்பிழை பார்ப்பதும், ‘முதலிற் படிக்க’ ஏட்டைத் தெளிவாக்குவதும், இந்தச் சொல் விளங்கவில்லை என்று கூறுவதும் பங்களிப்பே. அவற்றுக்கும் சீட்டு உண்டு, கையொப்பம் உண்டு, வரலாற்றில் பெயர் உண்டு.

நம்மில் எவர்க்கு எந்நாள் மாற்றல் ஆணை வரும் என்று யார் அறிவார்? அலுவலகத்தை விட்டுச் செல்லும்போது பொறுப்பு ஒப்படைத்துப் பட்டியலில் கையொப்பமிட்டே செல்கின்றோம். சங்கத்துக்கு ஆற்றிய பணியை மட்டும் தலைக்குள் வைத்துக்கொண்டு வண்டி ஏறுதல் முறையாகுமா? ஊர் விட்டு ஊர் வந்து நாம் சேர்த்த இச்சிறு செல்வம், நமக்குப் பின் வருவோர் கையிற் சேர வேண்டுமானால், ஒவ்வொரு நாளும் ஒப்படைக்கும் நாளே என்று எண்ணி எழுதிவைத்தல் வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கணக்கு அழிந்தபின் வீடு வீடாகச் சென்று இரவல் நூல்களைத் திரட்டினோம். பல கிடைத்தன. பெரியவர் கையொப்பமிட்ட அந்நூல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. எவர் வீட்டுப் பரணிலேனும், பெட்டி அடியிலேனும் இருப்பின், அன்புகூர்ந்து நூலகத்தில் வைத்துவிடுங்கள். எவரிடம் இருந்தது என்று கேளோம்; தண்டமும் விதியோம். இம்முறை அதனைச் சரியாகப் பதிந்துவைப்போம்.